சக ஊழியரின் கையில் ஓர் ஆமை: ஹோடெனோஷோனி மக்களின் பச்சை குத்தல்

சுதன்_ஸ்கார்பரோ:

எல்லோருக்கும் வணக்கம். நான் ஒன்ராறியோவில் பிராண்ட்ஃபோர்ட் பக்கம் ஒரு கிடங்கில் இரவு வேலை செய்கிறேன். என்னோடு ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுபவர் மொஹாக் என்ற பூர்வகுடி இனத்தவர், பக்கத்தில் இருக்கும் சிக்ஸ் நேஷன்ஸ் நிலத்தில் குடியிருக்கிறார். இடது முன்கையில் ஓர் ஆமை குத்தியிருக்கிறார். மால்களில் போட்டுக்கொள்கிற மாதிரி ஆமை இல்லை. நிழல் கிடையாது, வண்ணம் கிடையாது. கரிய கோடும் புள்ளியும்தான். ஓட்டுக்குள்ளே முக்கோணங்கள் வரிசையாக இருக்கும். பார்த்துக்கொண்டே இருக்கலாம்.

போன வாரம் இடைவேளையில் வாய் சும்மா இருக்காமல், "ரொம்ப அழகாக இருக்கிறது, இதே மாதிரி நானும் ஒன்று குத்திக்கொள்ளலாமா?" என்று கேட்டுவிட்டேன். அவர் கோபப்படவில்லை. தேநீரைக் கீழே வைத்துவிட்டு, "உன் அம்மா என்ன குலம்?" என்று கேட்டார்.

இந்தக் கேள்வி நமக்கு எங்கே போய்க் குத்தும் என்று உங்களுக்குத் தெரியும். கனடாவுக்கு வந்து பன்னிரண்டு வருடம், இங்கேயுமா என்று திக்கென்றது. "எங்களுக்கு அதெல்லாம் இல்லை" என்று உளறினேன் (பொய்தான்). அவர் தலையை ஆட்டிவிட்டு வேலைக்குப் போய்விட்டார். நான் கேட்டது தப்பா? அவர்களுடைய பச்சையைப் பற்றித் தெரிந்தவர்கள் எழுதுங்கள்.

நீர்க்காகம்:

அம்மா பெயரைச் சொல்லியிருந்தால் கூடப் பிழைத்திருப்பீர்கள்.

பழஞ்சுவடி:

சுதன், அவர் கேட்டது சாதி இல்லை. அவர்களிடம் குலம் என்றால் கரடி, ஓநாய், ஆமை போன்ற பிரிவுகள். அவற்றுக்குள் மேல் கீழ் கிடையாது. ஒரே குலத்துக்குள் கல்யாணம் செய்ய மாட்டார்கள், நம் கோத்திரக் கணக்கு மாதிரி. ஆனால் ஒரு பெரிய வித்தியாசம், குலம் தாய்வழி வருவது. அதனால்தான் அம்மாவைக் கேட்டார்.

அடிப்படையைச் சொல்லிவிடுகிறேன். ஹோடெனோஷோனி என்றால் நெடுவீட்டு மக்கள். பல குடும்பங்கள் ஒரே நீண்ட வீட்டில் வாழ்ந்ததால் வந்த பெயர். புத்தகங்களில் பார்க்கும் 'இரோக்வாய்' வெளியார் வைத்தது. மொஹாக், ஒனைடா, ஒனொண்டாகா, கயூகா, செனிகா என்ற ஐந்து நாடுகள் சேர்ந்த கூட்டமைப்பு, பதினெட்டாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் டஸ்கரோராவும் சேர்ந்து ஆறானது. பூர்வீக நிலம் இன்றைய நியூயார்க் மாநிலத்தின் வடபகுதி. மொஹாக், ஒனைடா மக்களுக்கு ஆமை, ஓநாய், கரடி என்று மூன்றே குலங்கள். மற்ற நாடுகளில் மான், பீவர், உள்ளான், நாரை, பருந்து, விலாங்கு என்று இன்னும் உண்டு. தலைவரைத் தேர்ந்தெடுப்பதும், சரியில்லை என்றால் பதவியைப் பிடுங்குவதும் குலத்தாய் என்ற பெண்மணியின் உரிமை. கூட்டமைப்பின் மன்றத்தில் 50 தலைவர் பட்டங்கள், எல்லாமே இப்படித் தாய்வழியில் கட்டுண்டவை.

ஆகவே அந்த ஆமை அவருடைய அம்மா வீட்டு முகவரி. நீங்கள் அழகு என்று பார்த்தீர்கள், அவர் தன் வீட்டு வாசலைக் காட்டிக்கொண்டிருந்தார்.

மைவிழி:

கோவையில் டாட்டூ கடை வைத்திருக்கிறேன். நிழல் இல்லாத கோடு, புள்ளி என்கிறீர்களே, அது பெரும்பாலும் மெஷின் இல்லாமல் கையால் குத்தியதாக இருக்கும். கையால் குத்தினால் புள்ளி தனியாகத் தெரியும், கோடு கொஞ்சம் மூச்சு விடுகிற மாதிரி இருக்கும். பழைய காலத்தில் என்ன ஊசி, என்ன மை? தொழில் ஆர்வத்தில் கேட்கிறேன்.

பழஞ்சுவடி:

எழுத்தில் கிடைக்கும் பழைய விவரங்களில் ஒன்று பிரெசானி என்ற இத்தாலியப் பாதிரியாருடையது, 1653. அவர் எழுதியது ஹ்யூரான், பெடுன், நியூட்ரல் என்ற அண்டை மக்களைப் பற்றி. மூவரும் ஹோடெனோஷோனியின் மொழிக் குடும்பத்தைச் சேர்ந்தவர்கள்தான், ஆனால் கூட்டமைப்புக்கு வெளியே இருந்தவர்கள். ஊசி, கூர்மையான தமரூசி அல்லது முள்ளால் தோலில் துளைத்து உருவம் வரைவார்கள், ரத்தம் கசியும்போதே அதன் மேல் கரித்தூளைத் தேய்ப்பார்கள், அது உள்ளே இறங்கி அழியாமல் நிற்கும் என்கிறார். கழுகு, பாம்பு போன்ற உருவங்கள் முகத்திலும் கழுத்திலும் நெஞ்சிலும். பெடுன், நியூட்ரல் மக்களில் குத்தாதவரைக் காண்பதே அரிது என்றும், குளிர்காலத்தில் குத்திச் செத்தவர்களும் உண்டு என்றும் எழுதுகிறார். இந்தப் பிரெசானியை 1644-இல் மொஹாக் வீரர்கள் பிடித்துச் சித்திரவதை செய்தார்கள். விரல்கள் சிதைந்த கையோடுதான் பிறகு எழுதினார். அவர் நடுநிலையானவர் என்று சொல்ல வரவில்லை, பக்கத்தில் இருந்து பார்த்தவர் என்கிறேன்.

ஐரோப்பியர்களோடு வியாபாரம் தொடங்கியதும் எலும்பு ஊசியும் முள்ளும் போய் இரும்பு ஊசி வந்துவிட்டது.

மைவிழி:

அப்படியானால் 'கையால் குத்தினால்தான் அசல், மெஷின் என்றால் போலி' என்று பேசுகிறவர்களுக்கு இதைச் சொல்ல வேண்டும். நல்ல ஊசி கையில் கிடைத்ததும் அவர்களே மாறியிருக்கிறார்கள். எந்தக் கலைஞனும் அப்படித்தான். கரித்தூள் விஷயம் நம் பக்கத்துக் குறத்தியருக்கும் தெரிந்ததுதான். அவர்கள் விளக்குக் கரி எடுப்பார்கள்.

கருங்குயில்:

ஒரு சந்தேகம் கேட்கட்டுமா? யாரும் சண்டைக்கு வராதீர்கள். பாதிரியார் எழுதினார், லண்டன் ஓவியன் வரைந்தான், இப்போது அதைப் பார்த்து அவர்களே மறுபடி குத்திக்கொள்கிறார்கள். நடுவில் இருநூறு வருடம் காணோம். இதை மரபு என்று எப்படிச் சொல்வது? மரபின் பெயரில் ஒரு புதுப் ஃபேஷன், அவ்வளவுதானே?

பழஞ்சுவடி:

நியாயமான கேள்வி. கொஞ்சம் நீளமாகப் பதில் சொல்கிறேன்.

முதலில் அந்த லண்டன் ஓவியங்கள். 1710-இல் பிரெஞ்சுக்காரர்களுக்கு எதிராக உதவி கேட்க மூன்று மொஹாக்கியரையும் மஹிகன் என்ற வேறொரு பூர்வகுடி இனத்தவர் ஒருவரையும் ஆங்கிலேயர்கள் லண்டனுக்கு அழைத்துப் போய் ஆன் ராணியைச் சந்திக்க வைத்தார்கள். ஊரே 'நான்கு இந்திய ராஜாக்கள்' என்று அமர்க்களப்பட்டது. அவர்கள் ராஜாக்களும் இல்லை, நான் மேலே சொன்ன 50 பட்டத் தலைவர்களும் இல்லை, அது தனிக் கூத்து. ஜான் வெரெல்ஸ்ட் என்ற ஓவியர் நால்வரையும் ஆளுயரத்தில் வரைந்தார். அந்த ஓவியங்கள் பின்னாளில் கனடாவுக்கு வந்து இப்போது ஒட்டாவாவில் தேசிய ஆவணக் காப்பகத்தில் இருக்கின்றன. அவற்றில் சா கா யீத் குவா பியெத் டோ என்று எழுதப்பட்டவரைப் பாருங்கள். முகத்திலும் நெஞ்சிலும் கோடும் உருவமுமாக நிறைந்திருக்கும். காலடியில் ஒரு கரடி நிற்கும், அவருடைய குலம். உடுப்பும் சிவப்புப் போர்வையும் லண்டனில் மாட்டிவிட்டவை. உடம்பில் இருந்த கோடுகள்தான் ஊரிலிருந்து வந்தவை.

இவற்றை மட்டும் வைத்துப் பேசினால் உங்கள் சந்தேகம் சரிதான். ஆனால் அவர்களே செய்து வைத்த சாட்சி இருக்கிறது. குண்டுத் தலை கொண்ட மரத் தடிகள், போர் ஆயுதம். அவற்றின் மேல் சொந்தக்காரரின் முகத்தைச் செதுக்கியிருப்பார்கள். கண், மூக்கு பெரிதாக இருக்காது, முகத்தில் குத்திய கோடுகள் மட்டும் துல்லியமாக இருக்கும். போர் முடிந்த இடத்தில் அந்தத் தடியை வேண்டுமென்றே விட்டுவிட்டு வருவார்கள், இன்னார் வந்து போனார் என்று எதிரிக்குத் தெரிவதற்காக.

1712 முதல் சில ஆண்டுகள் மாண்ட்ரியல் அருகே கானவாகே மொஹாக் ஊரில் இருந்த லாஃபிட்டோ என்ற பிரெஞ்சுப் பாதிரியாரும் 1724-இல் வெளியான நூலில் இதையே சொல்கிறார். மரப்பட்டையில் செய்தி விட்டுப் போகும் வீரன் தன் தலையை வரைந்து, அதில் தன் பச்சையைப் போடுவான். பார்ப்பவருக்கு ஆள் யார் என்று உடனே புரியும். முகமே கையெழுத்து. கருங்குயில், எனக்கு இந்த விஷயத்தில் பிடித்த இடம் இதுதான். நாம் டாட்டூவை உடம்பின் மேல் போடும் படம் என்று நினைக்கிறோம். அவர்களுக்குப் பச்சை இல்லாத முகம் இன்னும் பெயர் எழுதாத முகம்.

1701-இல் மாண்ட்ரியலில் பிரெஞ்சுக்காரர்களும் நாற்பதுக்குக் கொஞ்சம் குறைவான பூர்வகுடி நாடுகளும் செய்துகொண்ட பெரிய சமாதான உடன்படிக்கையைப் பாருங்கள். பூர்வகுடித் தலைவர்கள் கையெழுத்தாக உருவம் வரைந்திருப்பார்கள். ஒனொண்டாகாவுக்கு நீண்ட காலுள்ள ஒரு நீர்ப்பறவை, கயூகாவுக்குப் புகைக்குழாய், ஒனைடாவுக்குக் கவட்டைக் கோலும் கல்லும். ஒனைடா என்றாலே நிற்கும் கல்லின் மக்கள். உருவத்தால் பெயர் எழுதும் பழக்கம் தோலில், மரத்தில், காகிதத்தில் என்று எல்லா இடத்திலும் ஒரே மாதிரி ஓடுகிறது.

நீர்க்காகம்:

ஆதார் கார்டை மூஞ்சியிலேயே போட்டிருக்கிறார்கள். தொலைக்கவும் முடியாது, ஜெராக்ஸ் கேட்கவும் மாட்டார்கள்.

கருங்குயில்:

தடி விஷயம் எனக்குத் தெரியாது. சரி, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அப்புறம் ஏன் விட்டார்கள்?

வடதுருவம்:

ஏன் விட்டார்களா? கனடா அரசு சட்டம் போட்டுத் தடுத்தது. அவ்வளவுதான்.

பழஞ்சுவடி:

வடதுருவம், இதை அடிக்கடி பார்க்கிறேன், சரியில்லை. நீங்கள் நினைக்கும் சட்டம் 1884-இல் பொட்லாட்ச் சடங்குக்கு எதிராக வந்தது, அது மேற்குக் கரை மக்களைக் குறிவைத்தது. 1895-இல் உடலைக் காயப்படுத்தும் சடங்குகளையும் சேர்த்தார்கள், அது சமவெளி மக்களின் சூரிய நடனத்துக்காக. 1951 வரை நீடித்த கொடுமை, சந்தேகமில்லை. ஆனால் ஹோடெனோஷோனியின் முகப்பச்சை அதற்கு மூன்று தலைமுறைக்கு முன்பே ஏறக்குறைய மறைந்துவிட்டது.

எப்படி மறைந்தது என்பதற்கு இரண்டு படங்கள் போதும். மேலே சொன்ன 1710 ஓவியத்தில் இருப்பவர் ஜோசப் பிராண்ட் என்ற மொஹாக் தலைவரின் தாத்தா என்று பொதுவாகச் சொல்வார்கள். அந்த ஜோசப் பிராண்டும் 1776-இல் லண்டன் போனார், ஜார்ஜ் ராம்னி அவரை வரைந்தார். கழுத்தில் வெள்ளிப் பதக்கம், தலையில் இறகு, தோளில் போர்வை, முகத்தில் ஒரு கோடு கூட இல்லை. அறுபத்தாறு வருடத்தில் வெள்ளி உள்ளே வந்து கரி வெளியே போய்விட்டது. நடுவே அம்மை, பாதிரிமார், வியாபாரம். கொஞ்ச நாளில் இன்னும் மோசம். அமெரிக்க விடுதலைப் போரின் நடுவே, 1779-இல், வாஷிங்டன் அனுப்பிய தளபதி சல்லிவனின் படை செனிகா, கயூகா பகுதிகளில் நாற்பதுக்கு மேற்பட்ட ஊர்களை எரித்தது, அறுவடைக்கு நின்ற சோளம் உட்பட. ஊர் போனால் குத்துகிறவர், குத்திக்கொள்கிறவர், பார்த்துப் புரிந்துகொள்கிறவர் என்று மூவரும் சிதறிப்போவார்கள். பிராண்டும் அவரோடு வந்தவர்களும் 1784-இல் கிராண்ட் ஆற்றங்கரைக்குக் குடியேறினார்கள். சுதன் வேலை செய்யும் பிராண்ட்ஃபோர்டின் பெயரே அவர் ஆற்றைக் கடந்த துறையிலிருந்து வந்தது. ஆற்றின் இரு கரையிலும் ஆறாறு மைல் தருவதாக அன்று எழுதிக் கொடுத்தார்கள். இன்று அதில் ஐந்து சதவீதம் கூட அவர்கள் கையில் இல்லை.

தாமிரபரணி:

வாசித்துக்கொண்டே வந்தேன், ஒன்று சொல்லத் தோன்றியது. என் ஆச்சிக்கு இரண்டு கையிலும் பச்சை உண்டு. புள்ளி வைத்த கோலமும் ஒரு தேளும். ஊருக்கு வந்த குறத்தி குத்தியது, கூலி ஒரு படி நெல். எங்களுக்கு அது விளையாட்டு, விரலால் தொட்டு எண்ணுவோம். ஆனால் என்னைக் கான்வென்ட் பள்ளியில் விட வரும்போது மட்டும் ஆச்சி முந்தானையை இழுத்து இரண்டு கையையும் மூடிக்கொள்வாள். யாரும் ஒரு வார்த்தை சொன்னதில்லை, சட்டமும் கிடையாது. அவளாகவே மூடினாள்.

அவர்கள் கதையும் நம் கதையும் ஒன்று என்று நான் சொல்லவில்லை. அவர்கள் நிலத்தையே இழந்தவர்கள். சட்டம் இல்லாமலும் ஒன்று மறையும் என்பதற்காகச் சொன்னேன்.

சுதன்_ஸ்கார்பரோ:

அக்கா, நீங்கள் பள்ளி என்றதும் ஞாபகம் வருகிறது. இங்கே பிராண்ட்ஃபோர்டில் மொஹாக் இன்ஸ்டிடியூட் என்ற கட்டடம் இருக்கிறது. பூர்வகுடிப் பிள்ளைகளை வீட்டிலிருந்து பிரித்து வைத்த விடுதிப் பள்ளி, 1970-இல்தான் மூடினார்கள். மூன்று வேளையும் கஞ்சி ஊற்றியதால் பிள்ளைகள் அதற்கு 'மஷ் ஹோல்' என்று பெயர் வைத்தார்கள். தாய்மொழி பேசினால் அடி. இப்போது அந்த வளாகத்தில் அவர்களே உட்லண்ட் பண்பாட்டு மையம் நடத்துகிறார்கள். நான் தினமும் பேருந்தில் தாண்டிப் போகிறேன், இதுவரை இறங்கியதில்லை. வெட்கமாக இருக்கிறது.

கருங்குயில்:

என் அடுத்த கேள்வி. பழைய பச்சையில் பாதி கொலைக் கணக்கு என்று படித்தேன். தொடையில் கோடு கோடாக, இத்தனை பேரைக் கொன்றேன், இத்தனை பேரைப் பிடித்தேன் என்று. அதையுமா மீட்கப் போகிறார்கள்?

பழஞ்சுவடி:

கணக்குக் கோடு உண்மை. பாதி என்பது அதிகம். குலவிலங்கு, காவல் விலங்கு, கனவில் கண்டது எல்லாம் உண்டு. சில பெண்கள் பல்வலிக்கு மருந்தாகத் தாடை ஓரத்தில் குத்திக்கொண்டதாகப் பிரெஞ்சுக் குறிப்புகளில் வருகிறது. தேவையைப் பொறுத்து ஒரே ஊசி பெயரும் எழுதியது, வைத்தியமும் பார்த்தது.

இன்று குத்திக்கொள்கிறவர்கள் அப்படியே நகல் எடுப்பதில்லை. குலவிலங்குக்கு அடுத்தபடியாக அதிகம் வருவது வாம்பம் பட்டைகளின் உருவம். வாம்பம் என்றால் வெள்ளையும் ஊதாவுமான கிளிஞ்சல் மணிகளைக் கோத்து நெய்த பட்டை, ஒப்பந்தங்களை நினைவில் வைக்கும் ஆவணம். வெள்ளைத் தளத்தில் இரண்டு ஊதாக் கோடுகள் இணையாக ஓடினால் அது இருவரிப் பட்டை. ஒரே ஆற்றில் உன் கப்பலும் என் ஓடமும் பக்கம் பக்கமாகப் போகும், யாரும் மற்றவர் சுக்கானைத் தொடக்கூடாது என்று டச்சுக்காரர்களோடு பேசிய உறவு. நடுவில் மரமும் இருபுறம் சதுரங்களும் இருந்தால் ஐந்து நாடுகள் சேர்ந்த ஹயவாதா பட்டை. அந்த மரம் வெள்ளைப் பைன், அதன் வேருக்கடியில் ஆயுதங்களைப் புதைத்தார்கள் என்பது அவர்களுடைய பேரமைதிச் சட்டத்தின் கதை. கொலைக் கணக்கு இருந்த தோலில் இப்போது ஆயுதம் புதைத்த மரம் ஏறுகிறது. இதை ஃபேஷன் என்று என்னால் தள்ள முடியவில்லை. வேண்டியதை எடுத்து வேண்டாததை விடத் தெரிந்தவன்தான் மரபுக்குச் சொந்தக்காரன். அருங்காட்சியகத்துக்குத்தான் எல்லாவற்றையும் அப்படியே வைக்க வேண்டிய கட்டாயம்.

பட்டைகளே பல ஆண்டுகள் வெளியார் கையில் இருந்தவை. 1988-இல் பதினொரு பட்டைகள் கிராண்ட் ஆற்று மக்களுக்கும், அடுத்த வருடம் நியூயார்க் மாநில அருங்காட்சியகத்திலிருந்து பன்னிரண்டு ஒனொண்டாகாவுக்கும் திரும்பின. தோலில் குத்தியதை மட்டும் யாரும் கண்ணாடிப் பெட்டியில் பூட்டி வைக்க முடியாது.

நீர்க்காகம்:

சொன்னால் நம்ப மாட்டீர்கள், 1710-இல் அந்த நால்வரைப் பார்த்த லண்டன்காரர்களிடம் 'டாட்டூ' என்ற சொல்லே இல்லை. 1769-இல் கேப்டன் குக் தஹிதித் தீவுக்குப் போன பிறகுதான் அது அவர்கள் மொழிக்குள் வந்தது. நமக்கு அந்தக் கவலை இல்லை, 'பச்சை' ரெடி. கருப்பாக இருப்பதை ஏன் பச்சை என்கிறோம் என்று மட்டும் கேட்காதீர்கள்.

மைவிழி:

தோலுக்குள் போன கரி கொஞ்ச வருடத்தில் பச்சை ஓடும். அவ்வளவுதான் ரகசியம்.

சுதன், தொழில்காரியாக ஒன்று சொல்கிறேன். உங்கள் ஆமையை நான் அரை மணி நேரத்தில் போட்டுவிடுவேன். படம் அனுப்பினால் போதும். கோடு அவருடையதைவிடச் சுத்தமாகக் கூட வரும். ஆனால் நீங்கள் அதைப் போட்டுக்கொண்டு அந்தக் கிடங்குக்குள் போனால், அவர் உங்களைப் பார்த்து என்ன வாசிப்பார்? 'இவன் என் தாய்வழிச் சொந்தம்' என்று. அடுத்த நொடியே அது பொய் என்றும் அவருக்குத் தெரியும். வேறு ஒருவரின் கையெழுத்தைப் போடுகிற வேலையை என்னிடம் கேட்டு வந்தவர்களை நான் திருப்பி அனுப்பியிருக்கிறேன், வாடகை கட்ட வேண்டிய மாதத்தில் கூட. எல்லா மாதமும் இல்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

வடதுருவம்:

அப்படிப் பார்த்தால் உலகத்தில் யாரும் எதையும் போட்டுக்கொள்ள முடியாது. தலையில் நடுவில் மட்டும் முடி விடுவதற்கே 'மொஹாக்' என்று பெயர் வைத்து எல்லோரும் வெட்டிக்கொள்கிறார்களே.

மைவிழி:

முடி வளர்ந்துவிடும் அண்ணா.

சுதன்_ஸ்கார்பரோ:

ஒரு வாரம் கழித்து வருகிறேன். எல்லோருக்கும் நன்றி. நேற்று இரவு இடைவேளையில் அவரிடம் முதலில் மன்னிப்புக் கேட்டேன். எதற்கு என்று அவருக்குப் புரியவே கொஞ்ச நேரம் ஆயிற்று. பிறகு எங்கள் ஊரில் 'என்ன குலம்' என்று கேட்டால் என்ன அர்த்தம் என்று விளக்கினேன். ரொம்ப நேரம் சிரித்தார். அப்புறம் சிரிப்பை நிறுத்திவிட்டு, "அது மோசமான கேள்விதான்" என்றார்.

பழஞ்சுவடி சொன்ன 1710 ஓவியத்தை ஃபோனில் காட்டினேன். ஏற்கெனவே பலமுறை பார்த்தவர் மாதிரி இருந்தார். முகத்தைப் பார்க்கவில்லை, நேராகப் படத்தின் அடிப்பக்கத்துக்கு விரலால் நகர்த்தி, "கரடி. என் மனைவியின் ஆட்கள்" என்றார். அதற்குப் பிறகுதான் முகத்தைப் பெரிதாக்கி, கோடு கோடாக மெதுவாகப் பார்த்தார்.

எனக்கு அப்போதுதான் உறைத்தது. "அப்படியானால் உங்கள் மகளுக்கு இந்த ஆமை வராதா?" என்று கேட்டேன். வராது. அவள் அம்மா மாதிரி கரடி. அவர் கையில் இருக்கும் ஆமை அவருடைய அக்கா பிள்ளைகளோடுதான் போகும். இத்தனை நாள் அது அப்பா மகளுக்குக் கொடுக்கிற சொத்து மாதிரி என்று என் மனதில் வைத்திருந்தேன். அக்கா மகளுக்கு வரும் கோடையில் பதினெட்டு வயது முடிகிறதாம், அவள் ஆமை குத்திக்கொள்ளக் காத்திருக்கிறாளாம். தானே குத்திவிடப் போவதாகச் சொன்னார். வீட்டில் பன்றித் தோலில் பழகிக்கொண்டிருக்கிறார்.

மைவிழி, மெஷினா கையா என்று கேட்பதற்குள் மணி அடித்துவிட்டது. நாளை கேட்டு எழுதுகிறேன்.